சேது சீமைக்கு ஒரு நாள் போதாது!

மதுரையிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் வேன், காலை டிபன் நேரத்துக்கெல்லாம் பாம்பன் பாலத்தில் நிற்கும். எல்லோரும் இறங்கி ஒரு செல்ஃபி. பிறகு ராமேஸ்வரம். அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, ஈரத் துணியோடு ஓடி ஓடி 22 தீர்த்தம், சுவாமி தரிசனம், சாப்பாடு. மூன்று மணிக்கு தனுஷ்கோடி. பொழுது சாயும்போது வண்டியைத் திருப்பினால் ராத்திரி மதுரை. 'ராமேஸ்வரம் பார்த்தாச்சு' என்று வீட்டுக்கு வந்து பையைப் பிரித்து, சங்கையும் கடல்சோழி மாலையையும் எடுத்து டி.வி. பக்கத்தில் வைப்போம்.

ஆனால், அந்தச் சங்கு எந்த ஊரிலிருந்து வந்தது, யார் மூழ்கி எடுத்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வழியில் ராமநாதபுரம் என்று ஓர் ஊர் வந்திருக்கும். தூக்கத்தில் அதுவும் போயிருக்கும்.

ராமநாதபுரத்துக்கு நம் ஊரில் ஒரு கெட்ட பெயர் வேறு உண்டு. தண்ணியில்லாக் காடு! அரசு ஊழியர்களை மிரட்டுவதற்கென்றே வைத்திருந்த மாவட்டம் அது. வைகை ஆறுகூட இங்கே வந்ததும் கடலை எட்டும் முன்பே பெரிய கண்மாயில் போய் முடிந்துவிடுகிறது. வானம் பார்த்த பூமி, கருவேலங்காடு, பனை, உப்புக்காற்று. நிலம் கைவிட்டதால் இந்த மக்கள் கடலைப் பிடித்துக்கொண்டார்கள். கடல் வழியே அரபியர் வந்தார்கள், சீனத்துப் பீங்கான் வந்தது, போர்ச்சுகீசிய பாதிரியார் வந்தார், காசியிலிருந்து யாத்ரீகர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பலர் தங்கிவிட்டார்கள். அதனால்தான் ஒரு மாவட்டத்துக்குள் இத்தனை விதமான வழிபாடும் சாப்பாடும் பேச்சும் கலந்து கிடக்கின்றன. இதைப் பார்க்க இரண்டு நாளாவது தங்க வேண்டும்.

அரண்மனையில் ஆரம்பிப்போம்

ராமரின் சேதுவைக் காப்பவர்கள் என்பதால் இந்தச் சீமையை ஆண்டவர்களுக்கு சேதுபதி என்று பெயர். முதலில் தலைநகரம் போகலூர். அதை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் ரகுநாத கிழவன் சேதுபதி. 1710-ல் மறைந்த இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடற்கரையில் எங்கே போனாலும் இவர் எதிரே வந்து நிற்பார். சில இடங்களில் வள்ளலாக, ஓர் இடத்தில் வேறு மாதிரி.

ராமநாதபுரத்தின் நடுவே இருக்கும் ராமலிங்க விலாசம் அரண்மனை இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். உள்ளே போனதும் சுவர், தூண், விதானம் எல்லாம் ஓவியம். ராமாயணக் காட்சிகள் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை ஒரு பக்கம், சேதுபதியைப் பார்க்க வந்த தொப்பிக்கார வெள்ளைக்காரர்கள் இன்னொரு பக்கம். கிழவனுக்கு அடுத்து வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்துக் கைவண்ணம் இது. 1798 செப்டம்பரில் வீரபாண்டிய கட்டபொம்மன், கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும் இதே கட்டடத்தில்தான். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் பார்த்த பெரியவர்களை அழைத்துப் போனால், நின்ற இடத்திலேயே வசனம் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஊரை விட்டுத் தென்மேற்கே போனால் உத்தரகோசமங்கை. 'மண் முந்தியோ, மங்கை முந்தியோ' என்று பழமொழி சொல்லும் அளவுக்குப் பழைய சிவத்தலம். மாணிக்கவாசகர் பாடிய ஊர். இங்கே ஆளுயர மரகத நடராஜர் இருக்கிறார். ஆனால், வருடம் முழுவதும் சந்தனக் காப்புக்குள்தான் இருப்பார். மரகதம் மென்மையான கல், சத்தத்தின் அதிர்வில்கூட அதற்குச் சேதம் வரலாம் என்பது நம்பிக்கை. மார்கழித் திருவாதிரையின்போது மட்டும் சந்தனம் களையப்படும். அன்றைக்கு அங்கே நிற்க இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் கோயில் அமைதியாக இருக்கும். பிராகாரத்தில் நின்று நிதானமாகக் கும்பிட விரும்புகிறவர்களுக்கு மற்ற நாட்களே நல்லது.

பெருமாள் கோயிலில் பள்ளிவாசல் கல்வெட்டு

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகும் சாலையில் திருப்புல்லாணி. நூற்றியெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. மூலவர் ஆதிஜெகந்நாதப் பெருமாள். கடல் வழிவிடுவதற்காகக் காத்திருந்த ராமர், தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் சந்நிதியும் இங்கே உண்டு. பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்கு இங்கே பால் பாயசம் பிரசாதம்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். இந்தக் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பக்கத்துத் துறைமுகமான பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த 'சோனகச் சாமந்தப் பள்ளி'க்குப் பாண்டிய மன்னர் கொடுத்த கொடையைச் சொல்லும் கல்வெட்டு. சோனகர் என்றால் அன்றைய தமிழில் முஸ்லிம்கள். பள்ளிவாசலுக்குக் கொடுத்த தானம் பெருமாள் கோயில் கல்லில் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஆவணக் காப்பகம் என்றால் கோயில் சுவர்தான். எந்தச் சாமிக்குக் கொடுத்தது என்பதைவிட, எழுத்து அழியாமல் இருக்குமா என்பதைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பழைய பட்டினம் இன்றைய பெரியபட்டினம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கே மண்ணைத் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன.

இந்த வரலாற்றையெல்லாம் தேடித் தொகுத்தவர்களில் முக்கியமானவர் எஸ்.எம்.கமால். சேதுபதிகளின் செப்பேடுகளைப் படித்து, அவர்கள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கொடுத்ததையெல்லாம் புத்தகமாக்கிய முஸ்லிம் அறிஞர். சேதுபதிகளைப் பற்றி எழுத வருகிறவர்கள் அவர் புத்தகத்தைத் தொடாமல் தாண்ட முடியாது.

கீழக்கரை: தொதலும் சங்கும்

கீழக்கரைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பெரிய பெரிய வீடுகள். பல வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் இருப்பார்கள். ஒரு காலத்தில் கொழும்பு, பர்மா, மலாயா. இப்போது துபாய், சவுதி. இங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமானதும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கடலோடிப் போகிறவன் திரும்பி வர மாதங்கள் ஆகும், அதுவரை பெண் தாய்வீட்டில் இருப்பதுதான் பத்திரம் என்று அந்தக் காலத்தில் நினைத்திருக்கலாம். மாமியார் வீட்டில் முதல் மாதமே மூக்கைச் சிந்தும் மருமகள்களுக்கு இந்த ஊர் கொஞ்சம் பொறாமையைத் தரும்!

ஊரின் பழைய ஜும்மா பள்ளிவாசலைப் பார்க்கும் யாரும் ஒரு நிமிடம் குழம்பிப்போவார்கள். கருங்கல் தூண்கள், போதிகை, பூவேலை எல்லாம் அசல் கோயில் மண்டபம் போலவே இருக்கும். உருவச் சிற்பம் மட்டும் இருக்காது. கட்டியவர்கள் நம் ஊர் ஸ்தபதிகள், கட்டச் சொன்னவர்கள் நம் ஊர் மரக்காயர்கள். வேறு எப்படி இருக்கும்? தொழுகை நேரம் தவிர்த்து, அங்கே இருக்கும் பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் பார்க்க வேண்டும். பெண்களும் முதலில் கேட்டுக்கொள்வது மரியாதை.

பக்கத்திலேயே அடக்கமாகியிருப்பவர் வள்ளல் சீதக்காதி. இயற்பெயர் ஷேக் அப்துல் காதர். கப்பலும் மிளகும் வைத்து வணிகம் செய்தவர், கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர். உமறுப் புலவர் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழில் 'சீறாப்புராணம்' ஆகப் பாடத் தூண்டுதலாக இருந்தவர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது இவர்தான். பரிசு வாங்க வந்த புலவர் ஒருவர், வள்ளல் இறந்துவிட்டதைக் கேட்டு சமாதியில் விழுந்து அழ, உள்ளேயிருந்து மோதிரக் கை வெளியே நீண்டதாகக் கதை.

இதே ஊரில் தமிழை அரபி எழுத்தில் எழுதிப் படித்த ஒரு மரபும் இருந்தது. அரபுத் தமிழ் என்பார்கள். கண்ணுக்கு அரபி, காதுக்குத் தமிழ். 1816-ல் பிறந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் மார்க்க நூல்களை அப்படி எழுதியதால், வீட்டிலிருந்த பெண்களும் படிக்க முடிந்தது.

டி.வி. பக்கத்தில் வைத்த சங்கு இங்கே வருகிறது. மன்னார் வளைகுடாவில் மூழ்கிச் சங்கு எடுப்பதை 'சங்கு குளித்தல்' என்பார்கள். கீழக்கரை முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில். எடுத்த சங்கில் பெரும்பகுதி நம் ஊர்க் கோயில்களுக்குப் போகவில்லை. கப்பலேறி வங்காளத்துக்குப் போனது. அங்கே டாக்காவிலும் கல்கத்தாவிலும் அறுத்து வளையலாக்கினார்கள். வங்காளத்தில் கல்யாணமான இந்துப் பெண்ணுக்குச் சங்கு வளையல்தான் தாலி மாதிரி. துர்கா பூஜைப் புகைப்படங்களில் குங்குமத்தோடு சிரிக்கும் பெண்களின் கையில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான். ஒரு கீழக்கரைக்காரர் மூச்சை அடக்கி எடுத்து வந்தது, முகம் தெரியாத ஒரு பெண்ணின் சுமங்கலி அடையாளமாயிற்று.

கிளம்பும் முன் தொதல் வாங்க மறக்காதீர்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து, எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் வரும் வரை மணிக்கணக்கில் கிண்டும் பலகாரம். கை ஓயும் வேலை. அதனால்தான் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றிக் கிண்டுவார்கள். அல்வா மாதிரி இருக்கும், ஆனால் அல்வா இல்லை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதை 'டொடோல்' என்பார்கள், இலங்கையிலும் தொதல்தான். கப்பல் போய்வந்த துறைமுகங்களை ஒரு பலகாரத்தின் பெயரை வைத்தே எண்ணிவிடலாம். சாப்பாட்டுக் கடைகளில் மீன் குழம்பின் காரம் பிடித்திருந்தால், அது குண்டு மிளகாயின் வேலை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் அரைக் கிலோ வாங்கி வந்தால், வீட்டுச் சாம்பாரே ஒரு வாரத்துக்கு வேறு மாதிரி இருக்கும்.

கீழக்கரைக்குப் பக்கத்தில் ஏர்வாடி. மதீனாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீத் அடக்கமாகியிருக்கும் தர்கா. சேதுபதிகள் நிலம் கொடுத்த இடம். சந்தனக்கூடு திருவிழாவுக்கு இந்து, முஸ்லிம் என்ற வித்தியாசம் இல்லாமல் கூட்டம் கூடும். மனநலம் குன்றியவர்களை அழைத்து வந்து இங்கே தங்கவைப்பது பல காலத்து வழக்கம். அந்த நம்பிக்கையைச் சுற்றி முளைத்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாடே தலைகுனிந்த நாள் அது. அதற்குப் பிறகு அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. இப்போது 'தவா - துவா', அதாவது மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த திட்டத்தை அரசு இங்கே நடத்துகிறது. துவா கேட்க வருகிறவர்களுக்கு மனநல சிகிச்சையும் அங்கேயே கிடைக்கிறது. நம்பி வருகிறவரை விரட்டாமல், மருத்துவரை அவரிடமே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தர்காவுக்குப் போகிறவர்கள் அங்கே இருக்கும் நோயாளிகளைப் படம் எடுக்காமல் இருந்தால் போதும்.

வடகரையின் செம்மண்

மன்னார் வளைகுடாவின் கரை இது. மாவட்டத்தின் இன்னொரு கடல் பாக் நீரிணை. அதைப் பார்க்க ராமநாதபுரம் திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போக வேண்டும். தேவிப்பட்டினத்தில் கடலுக்குள்ளேயே நிற்கும் ஒன்பது கற்களை நவகிரகமாக வணங்குகிறார்கள். நவபாஷாணம் என்று பெயர். ராமர் பிரதிஷ்டை செய்ததாக ஐதீகம். ஆடி, தை அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் நெரியும்.

அதே சாலையில் தொண்டியைத் தாண்டி, திருவாடானை தாலுகாவில் பாம்பாற்றங்கரை ஊர் ஓரியூர். வேன்கள் அநேகமாகப் போகாத ஊர். கிழவன் சேதுபதியின் இன்னொரு முகம் இங்கேதான் இருக்கிறது.

லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் 1647-ல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, இயேசு சபைத் துறவியாக மறவர் சீமைக்கு வந்தார். காவி உடுத்தி, மாமிசம் விட்டு, அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சந்நியாசி போலவே வாழ்ந்தார். அரச குடும்பத்து உறவினரான தடியத்தேவர் நோய் நீங்கி, இவரிடம் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழச் சம்மதித்தால் தருகிறேன் என்றார் பாதிரியார். தடியத்தேவர் சம்மதித்து மற்ற மனைவிகளை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனாள். கோபம் வந்தது. 1693 பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

சீதக்காதியைத் தோளில் கைபோட்டு வைத்துக்கொண்ட அதே மன்னர். இந்தக் கரையில் எல்லா மதமும் எப்போதும் கொஞ்சிக் குலாவியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை, புனிதர் வரலாறு எழுதியவர்கள் அதிகம் யோசித்ததில்லை.

ரத்தம் சிந்திய இடத்து மண் சிவந்துபோனது என்பது பக்தர்களின் நம்பிக்கை. சுற்றுவட்டாரத்து மக்கள் சாதி, மதம் பார்க்காமல் இங்கே வருகிறார்கள். ஒரு பிடி செம்மண்ணைத் துணியில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். பிள்ளை இல்லாதவர்கள் நேர்ந்துகொள்கிறார்கள். 1947-ல் ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது. பாம்பாற்றங்கரை மக்கள் அதற்கு வெகு முன்பே முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

பாலம் தாண்டி

இரண்டாவது நாளை ராமேஸ்வரம் தீவுக்கு வைத்துக்கொள்ளலாம். பாலத்துக்கு முன்னால் மண்டபம். இங்கே ஒரு பழைய முகாம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம். 1983-க்குப் பிறகு அதே இடத்துக்கு இலங்கையிலிருந்து அகதிகளாகத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள். 2022-ல் அங்கே பொருளாதாரம் சரிந்தபோதும் கைக்குழந்தையோடு படகேறி தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து நின்றவர்கள் உண்டு. அரசு இப்போது மறுவாழ்வு முகாம் என்கிறது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் இந்த முகாம்களில் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் உள்ளே போகும் இடம் அல்ல. கடந்து போகும்போது தெரிந்திருந்தால் போதும்.

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே பயணமாகப் போய்வந்த காலம். 1964 புயலில் பாலம் சிதைந்தபோது, இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார். பின்னாளில் 'மெட்ரோ மேன்' என்று பெயர் வாங்கியவர் அவர்தான். சாலைப் பாலம் 1988-ல் வந்தது. பழைய ரயில் பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அது தூக்கப்படுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும்.

பாலத்திலிருந்து கீழே பார்த்தால் பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் கடலுக்குள் தலையை முக்கி முக்கி எழுவது தெரியலாம். பாசி எடுப்பவர்கள். நீச்சல் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச் சுற்று, இடுப்பில் கட்டிய பை. ஆக்ஸிஜன் கிடையாது, மூச்சுப் பிடிப்புதான். மரிக்கொழுந்துப் பாசி என்று அவர்கள் சொல்வதிலிருந்துதான் அகர் அகர் எடுக்கிறார்கள். நோன்பு நாளிலும் விருந்திலும் நாம் பாலூற்றிச் செய்யும் கடல்பாசி இனிப்புக்கு மூலம் இதுதான். 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்து தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு, தீவுப் பக்கம் போனால் வனத்துறை தடுக்கிறது. பாசி வளரவும் நேரம் வேண்டும் என்று இந்தப் பெண்கள் தாங்களாகவே கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் கடலுக்குப் போவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பிழைப்பையும் கடலையும் சேர்த்துக் காப்பாற்ற அவர்கள் கண்டுபிடித்த வழி.

தீவுக்குள் நுழைந்ததும் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். பேருந்தில் கண்டக்டர் கூவும்போது சிரிப்பு வரும். ஊர்க்கதையைக் கேட்டால் வராது. சேதுபதி ஒருவருக்கு இரண்டு பெண்கள். இருவரையும் ஒருவருக்கே கட்டிக்கொடுத்து, அவரையே தீவுக்கு அதிகாரியாகவும் வைத்தார். மருமகன் யாத்ரீகர்களிடம் கடல் கடக்கக் காசு வசூலித்தார். சாமி கும்பிட வந்தவனிடம் காசு பிடுங்குவதா என்று மாமனாரே மரண தண்டனை விதித்தார். இரண்டு பெண்களும் தீயில் இறங்கினார்கள். அவர்கள் நினைவாக எழுந்த மடங்கள்தான் இவை என்கிறார்கள். தீர்த்தக் கட்டண வரிசையில் நிற்கும்போது இந்தக் கதை ஞாபகம் வந்தால், அது நம் தப்பில்லை.

தங்கச்சிமடத்தில் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் அதிகம். தவக்காலத்தில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இங்கேயிருந்தும் அங்கேயிருந்தும் படகுகள் போகும். 1974 ஒப்பந்தத்தில் அந்தத் தீவு இலங்கைக்குப் போய்விட்டாலும், திருவிழாவுக்குப் போக விசா வேண்டாம். வருடத்தில் அந்த ஓரிரு நாள் சொந்தக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதுகொள்வார்கள். மற்ற நாட்களில் இதே கடலில் படகு பறிமுதல், கைது, யாழ்ப்பாணச் சிறை. இழுவை மடியால் தங்கள் கடல் வறண்டுபோகிறது என்று அந்தக் கரைத் தமிழ் மீனவர் சொல்வதும் பொய் இல்லை. பிடிபட்ட படகின் கடனை அடைக்க முடியாமல் இந்தக் கரைத் தமிழ்க் குடும்பம் தவிப்பதும் பொய் இல்லை. இரண்டு பக்கமும் கும்பிடுவது ஒரே அந்தோணியாரைத்தான்.

ராமேஸ்வரம் கோயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உலகத்துக்கே தெரிந்த மூன்றாம் பிராகாரம், வரிசையாக நிற்கும் தூண்கள். கூட்டம் குறையும் மதிய நேரத்துக்கு முன் ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். கவனிக்க வேண்டிய ஒன்று, கருவறையில் பூஜை செய்பவர்கள் பூர்வீகத்தில் மராட்டியர்கள். கங்கைத் தண்ணீரைச் சொம்பில் சுமந்து வரும் வடநாட்டுப் பாட்டிகளோடு அவர்கள் இந்தியில் பேசுவார்கள், அடுத்த நிமிடம் நம்மோடு ராமநாதபுரத் தமிழில். காசிக்குப் போகிறவர் இங்கிருந்து மணல் எடுத்துப்போய் பிரயாகையில் கரைக்க வேண்டும் என்பது மரபு.

கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வீடு. சீதா கல்யாண உற்சவத்துக்கு உற்சவரை ராம தீர்த்தத்தின் நடுவே கொண்டுபோகப் படகு ஏற்பாடு செய்தது இந்தக் குடும்பம்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ஜைனுலாப்தீனும் கோயில் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகளும் நண்பர்கள். மாணவர்களை மதம் பார்த்துப் பிரித்து உட்காரவைத்த ஒரு வாத்தியாரை சாஸ்திரிகள் கூப்பிட்டுக் கண்டித்ததையும் கலாம் எழுதியிருக்கிறார். வாத்தியார் திருந்தினார். அதற்கு ஒரு பெரியவர் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. பேக்கரும்பில் கலாம் நினைவிடம் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பாம்பன் பக்கம் குந்துகாலில் விவேகானந்தர் நினைவு மண்டபம் உண்டு. சிகாகோவுக்குப் போய்வந்தவர் 1897 ஜனவரி 26-ம் தேதி இந்தத் தீவில்தான் முதலில் கால் வைத்தார். அவரை அமெரிக்காவுக்கு அனுப்பத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி, மக்களோடு சேர்ந்து தானும் அவருடைய வண்டியை இழுத்தார்.

கடைசியாக தனுஷ்கோடி. மாலைக்கு மேல் விடமாட்டார்கள், அதனால் மதியமே போய்விட வேண்டும். போகும் வழியில் கோதண்டராமர் கோயில். பருவத்தில் போனால் இரண்டு பக்கமும் நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு வந்துகொண்டிருந்த ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. ஊரே போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள். சர்ச்சின் மொட்டைச் சுவர் முன்னால் நின்று படம் எடுக்கும்போது, பக்கத்தில் மீன் வறுத்து விற்கும் அக்காவிடம் தண்ணீர் எங்கே எடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மணலைக் கையால் தோண்டிக் காட்டுவார். நாலடி தூரத்தில் கடல் இருக்க, ஊற்றில் நல்ல தண்ணீர் சுரக்கும். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்தின் கடைசி முனையில்!

அரிச்சல்முனையில் சாலை முடிகிறது. ஒரு பக்கம் அலையடிக்கும் மன்னார் வளைகுடா, ஊர்க்காரர்கள் அதை ஆண் கடல் என்பார்கள். இன்னொரு பக்கம் குளம் மாதிரி பாக் நீரிணை, அது பெண் கடல். எதிரே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் தலைமன்னார். கண்ணுக்குத் தெரியாது. ஆனால், சிலருடைய செல்போன் அந்தக் கரை டவரைப் பிடித்துக்கொண்டு, இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பும். ரோமிங்கை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.